இடைச்செருகல் என்று நான் வெட்டிய நான்கு வரிகள்

தம்பி,

நீ கேட்ட முன்னுரை இது இல்லை. அதை நான்கு முறை ஆரம்பித்து நான்கு முறையும் கிழித்துப் போட்டேன். "ரெண்டே பக்கம்பா, பழைய ஞாபகத்த எழுதிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்! கல்யாணம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெங்களூரில் புது வீட்டுக்கு கேஸ் கனெக்‌ஷன் வாங்க அலைகிற நேரத்தில், அப்பாவின் புத்தகம் கடையில் கிடைப்பதில்லையே, அதைத் திரும்பப் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அதற்கே நான் பூரித்துப் போயிருக்க வேண்டும். ஆனால் போனை வைத்தவன் நேராகப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, கண்ணாடிப் பக்கமே திரும்பாமல் வந்து உட்கார்ந்தேன். "என்ன, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் உன் அம்மா. உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. வெட்கம். முப்பத்தைந்து வருஷமாகச் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த வெட்கம். இந்தக் கடிதத்தை நீ முதலில் படி. படித்த பிறகும் புத்தகம் போட மனசிருந்தால், முன்னுரைக்குப் பதிலாக இதையே ஒரு எழுத்து குறைக்காமல் போடு. ஊர் படிக்கட்டும்.

உனக்கு நான் சொல்லி வளர்த்த கதை இது. இருநூறு வருஷத்துக்கு முன்னால், உன் அம்மா பிறந்த ஊரில், ஏரிக்கரை நிற்காமல் உடைந்துகொண்டே இருந்தது. கன்னிப் பெண் ஒருத்தியை ஏரிக்குப் பலி கொடுத்தார்கள், கரை நின்றது. அதை ஊரே சேர்ந்து பாட்டாகப் பாடியது. ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு கதையைப் பாட்டாகவே சொல்லும் அந்தக் கதைப்பாடலைக் கட்டியவர் பெயர் யாருக்கும் தெரியாது. உன் அப்பா அதைத் தேடிக் கண்டெடுத்துப் புத்தகமாக்கினார், டாக்டர் பட்டம் வாங்கினார், செங்கல்பட்டுக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நீ இதைச் சொல்லி எவர்சில்வர் டம்ளர் ஒன்று பரிசு வாங்கி வந்தாய். தம்பி, அந்தக் கதையில் ஏரி மட்டும்தான் நிஜம்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஆராய்ச்சிக்குப் பாட்டுச் சேகரிக்க வேண்டும். மாமனார் ஊர் திருக்கழுக்குன்றத்துக்கு இந்தப் பக்கம், சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கவலை இல்லை. கடன் வாங்கிய டேப் ரிக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடவு நடுகிற பெண்களிடம் போய் நிற்பேன். அவர்களும் சளைக்காமல் பாடுவார்கள். எல்லாம் நடவுப் பாட்டு, கேலிப் பாட்டு. எனக்கோ நீளமாக, கதையாக ஒன்று வேண்டும். ஒரு வாரம் ஆனது. அந்தக் கூட்டத்தில் அஞ்சலை என்று ஒரு பெண், முப்பது வயசு இருக்கும், கையைக் கழுவிக்கொண்டு என் பின்னாலேயே வரப்பு வரைக்கும் வந்தாள். "கதப் பாட்டு ஒண்ணு கீது சார். ஆனா இங்க பாட மாட்டேன். ஏரி மதகாண்ட வா, பாடறேன்" என்றாள். போனேன். மதகுக் கல்லில் உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் பாடினாள். டேப் ஒரு பக்கம் முடிந்து திருப்பிப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

பாட்டு அவள் அக்காவைப் பற்றியது. அக்கா பெயர் கன்னியம்மா. அவர்கள் அப்பாவுக்கு ஏரித் தண்ணீரைப் பாய்ச்சுகிற வேலை. மதகைத் திறப்பதும் அடைப்பதும் அவர்தான். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மதகு வழியாகத் தண்ணீர் பீறிட்டுக் கீழ்க்கழனியில் முற்றிய பயிரை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. அப்பனுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. கழனிக்காரர் மோட்டார் கொட்டாயில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்தபடியே, "அவன் இல்லன்னா இன்னா, பொண்ணுக்கு நீச்சல் தெரியுமில்ல, எறங்கி அடைக்கச் சொல்லு" என்று ஆள் அனுப்பினார். பத்தொன்பது வயசுப் பெண். வைக்கோலும் களிமண்ணும் கட்டிய மூட்டையை அணைத்துக்கொண்டு இறங்கியவளை மதகுக் கண் காலோடு இழுத்துக்கொண்டது. கரையில் நின்று பார்த்தவள் தங்கச்சி அஞ்சலை. அப்போது அவளுக்குப் பதினான்கோ பதினைந்தோ. அழுதழுது, அந்த அழுகையே வரி வரியாக வந்து, ஒரு வருஷத்தில் பாட்டாகிவிட்டது என்றாள். "யாரும் சொல்லிக் குடுக்கல சார். நானே கட்டினது. எழுதிக்கோ" என்றாள். எழுதிக்கொண்டேன். என் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

அந்தக் கழனிக்காரர் யார் என்று கேட்பாய். உன் அம்மாவைப் பெற்றவர். மோட்டார் தொட்டியில் உன்னைத் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கினாரே, அதே தாத்தா. பாட்டு பாதியில் எனக்குப் புரிந்துவிட்டது. முடிந்ததும் அஞ்சலை என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நீ அந்த வூட்டு மாப்ளன்னு தெரியும் சார். தெரிஞ்சிதான் பாடனேன். நாங்க பாடனா அவரு காதுல போட்டுக்க மாட்டாரு. நீ பொஸ்தகமா எழுதினா படிப்பாரு இல்ல?" இதற்கு மேல் ஒருத்தி எப்படிச் சொல்ல வேண்டும்? அவ்வளவு நம்பிக்கையாக என்னிடம் அதுவரை யாரும் எதையும் கொடுத்ததில்லை. "கண்டிப்பா எழுதறேம்மா" என்றேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு உன் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்துதான். வஞ்சிர மீன் குழம்பு. இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் நோட்டைக் கொண்டுபோனேன். "பாட்டு பிரமாதம். ஆனா இந்தக் காலத்துப் பொண்ணு கட்டினதுன்னா இது நாட்டார் பாட்டே இல்லையே. நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது, அது ஊரோட சொத்து" என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். பாட்டு என்பது மழைக்காளான் மாதிரி தானாக முளைக்கும் என்று! எந்தப் பாட்டும் முதலில் ஒருவர் வாயில்தான் வந்திருக்கும். பிறகுதான் நாலு பேர் சேர்ப்பார்கள், குறைப்பார்கள். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது எனக்கு இரண்டு வகையில் வசதி. ஒன்று, பட்டம். இன்னொன்று, மாமனார். பாட்டில் நான்கு வரி இருந்தது:

மோட்டாரு கொட்டாயில மொதலாளி குந்திகினு
மதக அடைக்கச் சொல்லி மழையில ஆளவுட்டான்
கழனி முழுவுதுன்னு கண்ணாலம் பேசியிருந்த
கன்னிய எறக்கிவுட்டான் கழுத்துமுட்டும் தண்ணியில

இருநூறு வருஷப் பழைய பாட்டில் கரண்டு மோட்டார் எப்படி வரும்? வரக்கூடாதல்லவா? சிவப்பு மையால் அடித்துவிட்டு ஓரத்தில் 'பிற்கால இடைச்செருகல், நீக்கலாம்' என்று எழுதினேன். பழைய பாட்டில் யாரோ பின்னால் நுழைத்த வரிக்கு எங்கள் தொழிலில் வைத்திருக்கும் பெயர் அது. பாட்டு புதுசு என்பதற்குப் பாட்டுக்குள்ளேயே இருந்த சாட்சியை, பாட்டு பழசு என்று சொல்லியே வெளியே தள்ளினேன். இந்தக் கெட்டிக்காரத்தனம் படித்தவனுக்குத்தான் வரும். அந்த வரிகள் போனதும் அவளை யார் இறக்கினார்கள் என்பது பாட்டில் இல்லாமல் போனது. பெயர் கன்னியம்மா, கரையில் கன்னிமார் கல் ஏழு இருக்கிறது. பிறகென்ன, ஏரிக்குக் கொடுத்த பலி என்று முப்பது பக்கம் எழுதினேன். உன் தாத்தா புத்தக வெளியீட்டுக்கு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார், உறவுக்காரர்களுக்கெல்லாம் இருபது பிரதி வாங்கிக் கொடுத்தார். "நல்லா எழுதிகீறீங்க மாப்ள" என்று என் கையைப் பிடித்தார். பிடித்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். அதற்குமேல் அவர் சாகும்வரை நாங்கள் அதைப் பேசியதில்லை.

இவ்வளவும் கோழைத்தனம். கோழைத்தனத்தை மன்னிப்பவர்கள் உண்டு. இனி சொல்லப்போவதை நீ மன்னிப்பாயா என்று தெரியவில்லை. சில வருஷம் கழித்து அந்தப் புத்தகம் நம் கல்லூரியிலேயே பாடமாக வந்தது. என் புத்தகத்தை நானே நடத்துகிறேன், தலை கால் புரியாத பெருமை. மூன்றாவது பெஞ்சில் ஏழுமலை என்று ஒரு பையன். எழுந்து நின்று, தயங்கித் தயங்கி, "சார், இந்தப் பாட்டு எங்கம்மா கட்டினது சார்" என்றான். அஞ்சலையின் மகன்! அவன் வீட்டிலிருந்து காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, ஆமாம்ப்பா என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: "ஏம்ப்பா, உங்கம்மாவுக்கு வயசு இன்னா, இருநூறா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் பெரிய மனுஷத்தனமாக, "உங்கம்மா பாடியிருப்பாங்க, பாடறது வேற, கட்டறது வேற. உக்காரு" என்றேன். உட்கார்ந்தான். அந்த மாதத் தேர்வில் 'இப்பாடலின் ஆசிரியர் யார்?' என்று நானே கேள்வி வைத்தேன். 'தெரியவில்லை' என்று அவன் எழுதியிருந்தான். சரி போட்டு ஒரு மார்க் கொடுத்தேன்.

நீ புத்தகம் என்று சொன்ன மறுநாள் தேடக் கிளம்பினேன். அம்மா ஊரில் விசாரித்ததில், அவர்கள் ஊரை விட்டுப் போய் வருஷமாகிறது, ஏழுமலை டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான், திருவிடந்தையில் வீடு கட்டியிருக்கிறான் என்றார்கள். மாமல்லபுரம் போய், அங்கிருந்து ஈ.சி.ஆர். பஸ் மாறி, கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஏழுமலைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வேன் கழுவிக்கொண்டிருந்த பைப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து காலில் விழப் பார்த்தான். "ம்மா, வெளிய வாயேன், யார் வந்துகீறாங்க பாரு, எங்க சார்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். நாற்காலி, இளநீர், ஃபேன். அஞ்சலை வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். என்னையே பார்த்தாள்.

"அந்தப் பாட்டு..." என்று நான் இழுத்தேன். ஏழுமலை சிரித்தான். "அத்த ஏன் சார் கேக்கறீங்க. அக்கா செத்த துக்கத்துல பாட்டே தன்னுதுன்னு நெனச்சிகினு இருந்தாங்க. நான்கூட சின்னதுல நம்பிகினு இருந்தேன். நீங்க கிளாஸ்ல சொன்னப்புறம்தான் வெளங்கிச்சு. வூட்டுக்கு வந்து, ஏம்மா இப்படிப் பொய் சொன்னேன்னு நல்லா கேட்டுட்டேன். அதோட வுட்டுட்டாங்க" என்றான். அம்மாவைக் குத்திக்காட்டுகிற குரல் இல்லை தம்பி, பாசமான குரல். அதுதான் என்னைக் கொன்றது. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடிக்க, வேனை நகர்த்த எழுந்து போனான். அப்போதுதான் அஞ்சலை வாய் திறந்தாள்.

"அன்னிலேர்ந்து ஒரு வரி பாடல சார். பொஸ்தகத்துல நீ இன்னா வேணா எழுதிக்கோ. எனக்குப் பேரும் வாணாம் ஒண்ணும் வாணாம். எம்புள்ள என்னப் பொய்க்காரின்னு நெனச்சிகினு கீறான். நான் கண்ண மூடறதுக்குள்ள அவங்கிட்ட சொல்லிடு. உன் வாயால சொன்னாத்தான் நம்புவான்."

"சொல்றேம்மா" என்றேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் சொன்ன அதே குரலில். ஏழுமலை திரும்பி வந்து, "சொல்லுங்க சார்" என்று எதிரில் கைகட்டி நின்றான். நான் சொன்னேன்: "வெயில் ஜாஸ்தியா இருக்குப்பா, கிளம்பறேன்." அவன் என்னை வேனிலேயே மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டான், ஜன்னலோர சீட் பிடித்துக் கொடுத்தான். வழியெல்லாம் நான் நடத்திய பாடத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அவன் பேசப் பேச எனக்கு ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அத்தனை மரியாதையை இழக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான் காரணம். த்தூ!

இவ்வளவையும் உன் அம்மாவிடம் முதலில் சொன்னேன். அவளைப் பெற்றவர் விஷயம், அவளுக்குத் தெரியாமல் உனக்கு எழுதுவது முறையல்ல. புளி கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமலே கேட்டாள். "எனக்கு அப்பவே தெரியும். எனக்குப் பத்து வயசு. மூணு நாள் அப்பா சாப்பிடல. நாலாம் நாள் அறுப்புக்கு ஆள் வெச்சாரு" என்றாள். புளிச் சக்கையைப் பிழிந்து போட்டுவிட்டு, "எழுதுங்க. அவரு பேரையும் சேத்து எழுதினாலும் சரி" என்றாள். பேர் எழுதவில்லை. உன் தாத்தா கொலைகாரர் இல்லை தம்பி. அந்த ஒரு மழையில் பயிரை நினைத்தார், பெண்ணை நினைக்கவில்லை. நான் அப்படிக்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்கு யோசிக்க வருஷக்கணக்காக நேரம் இருந்தது.

அறிவுரை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பன் புத்தி, விடாது. உன் வேலையில் பத்துப் பேரை வைத்து நடத்துகிறாய். மீட்டிங்கில் கடைசி நாற்காலியில் இருக்கிற ஒரு பெண் 'இது நான் செய்தது' என்று சொன்னால், சிரிக்காதே. முதலில் அவள் பெயரை எழுது. சரியா தப்பா என்று அப்புறம் பார்க்கலாம். வீட்டிலும் அப்படித்தான். உன் மனைவி உன்னிடம் ஒரு துக்கத்தைச் சொல்கிறாள் என்றால், அது உனக்கு வசதியாக இருக்கிற மாதிரி மாற்றிப் புரிந்துகொள்ளாதே. அந்தத் தப்பு எவ்வளவு சுலபமாக வரும் என்று உன் அப்பாவுக்குத் தெரியும்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். நோட்டைக் கூரியரில் அனுப்புகிறேன். வெட்டிய வரிகளை வெட்டிய இடத்திலேயே சேர்த்துவிடு. அந்த முப்பது பக்க ஆராய்ச்சியைத் தூக்கிக் குப்பையில் போடு. அட்டையில் என் பெயர் வேண்டாம். கட்டியவர் அஞ்சலை, எழுதி எடுத்தவன் பெயர் உள்ளே எங்காவது சின்னதாக இருந்தால் போதும். ஆனால் அதெல்லாம் பிறகு. அச்சாகி வர ஆறு மாதம் ஆகும். அவள் கேட்டது புத்தகத்தை இல்லை.

உன் கல்யாண ரிசப்ஷனில் ஒரு கேசட்டிலிருந்து எடுத்துப் போட்டாயே, ஒரு வயசில் நீ 'அப்பா பூ, அப்பா பூ' என்று மழலை பேசியது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்ததே. உன் குரல் முடிந்ததும் கரகரவென்று ஒரு பெண் குரல் வந்தது, நினைவிருக்கிறதா? 'கூடப் பொறந்தவளே கோத்துவச்ச பாட்டு இது, அஞ்சல எம்பேரு, அழுதுதான் கட்டினேன்' என்று. "யாருப்பா அஞ்சல?" என்று மேடையிலிருந்து கேட்டாய். "ரேடியோடா, பழைய டேப்பு, ஏதோ கலந்திருக்கு" என்றேன். உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வீடியோவில் சேர்க்கும்போது அந்த இடத்தை வெட்டிவிடவா என்று மறுநாள் கேட்டாய். வெட்டிவிடு என்றேன். அது ரேடியோ இல்லை தம்பி. நான் அவளைப் பதிவு செய்த கேசட் அது. ஆராய்ச்சி முடிந்தது, இனி எதற்கு என்று அதன் மேலேயே உன் மழலையைப் பிடித்தேன். ஒரு மணி நேரப் பாட்டில் நீ பேசி முடித்த இடத்துக்குப் பின்னால் தப்பிப் பிழைத்தது அந்த ஒரு நிமிஷம்தான். பாட்டின் கடைசியில் கட்டியவர் தன் பெயரைச் சொல்லி முடிக்கிற வழக்கம் உண்டு, அவளும் சொல்லியிருக்கிறாள்; புத்தகத்தில் நான் அதையும் சேர்க்கவில்லை.

வீடியோவில் வெட்டியிருந்தால் போகட்டும். கேசட் உன்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை வா. திருவிடந்தை போகலாம். ஏழுமலையை உட்கார வைத்து அவன் அம்மா குரலைப் போட்டுக் காட்டிவிட்டு, உங்கம்மா சொன்னது நிஜம், பொய் சொன்னவன் நான் என்று சொல்ல வேண்டும். தனியாகப் போய் ஒரு தரம் பார்த்துவிட்டேன், நாக்கு எழவில்லை. இனிமேல் நீ எல்லாம் தெரிந்தவன். பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிரு. வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன் என்றால், நீ சொல்லிவிடு.

அப்பா